பாசி இல்லாத தண்ணீர்

தண்ணீரில் அலுமினியம் இருக்கிறது என்று மீன்துறைத் தட்டுக்காரி சொல்லி வாய் மூடுவதற்குள் மூத்தவளுக்குத் தன் ஓரகத்தியின் அடுப்படி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அங்கே பானை, சட்டி, கரண்டி எல்லாமே அலுமினியம். அடி நசுங்கியது, காது ஒடிந்தது, கரி அப்பியது. இளையவள் அதையெல்லாம் அள்ளிக்கொண்டு துறைக்கு வருவாள். மணலைப் போட்டு நாலு தேய்ப்பு. அப்படியே உப்பங்கழியில் ஒரு அலசு. அவ்வளவுதான் அவளுடைய சுத்தம்.

"அலுமினியமா?" என்றாள் மூத்தவள், தப்பாகக் காதில் விழவில்லையே என்று பார்க்க.

"ஆமாம்மா. இருக்க வேண்டியதுக்கு மேல இருக்கு. உங்க இடத்துத் தண்ணியில மட்டும். ஏதோ மருந்து கொட்டியிருக்காங்கன்னு நினைக்கிறோம்."

"பக்கத்து இடத்துல?"

"உங்க கொழுந்தனார் இடத்துலயா? அங்க ஒண்ணும் இல்ல. அது நல்ல தண்ணி."

மூத்தவள் கையிலிருந்த சிப்பியைக் கத்தியால் பிளந்தாள். சதை மஞ்சளாகக் கொழுகொழுவென்று இருந்தது. அதை வழித்துக் கூடையில் போட்டுவிட்டு, அடுத்த சிப்பியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சிப்பி அவிக்கிற கொட்டகை அது. அண்டாவிலிருந்து ஆவி எழும்பித் தகரக் கூரையில் முட்டி, சொட்டுச் சொட்டாகப் பிடரியில் விழும். காற்றே இல்லாத வெயில் காலம். உப்பங்கழியில் மூங்கில் தெப்பம் கட்டி, அதிலிருந்து கயிறுகளைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் சிப்பிக் குஞ்சு ஒட்டிக்கொண்டு வளரும். விதைக்க வேண்டாம், தீனி போட வேண்டாம். "வாயத் திறந்து வச்சிருந்தா தண்ணியே ஊட்டிவிடும்" என்பான் மூத்தவளின் புருஷன். தண்ணீர் எதை ஊட்டுகிறது என்று அவன் கேட்டதில்லை. அவன் அப்பனும் கேட்டதில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். நடுவில் மிதக்கிற ஒரு நீல டிரம்தான் எல்லை.

தட்டுக்காரி மீன்துறை அலுவலகத்துப் பெண். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பது அவள் வேலை. இதற்குப் போய்ச் சம்பளமா என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சந்தேகம் வந்தது. இவ்வளவு படித்த பெண்ணைத் தட்டு முக்கிப் பார்க்கவா அனுப்புவார்கள்? ஹோட்டல் கட்டப்போகிறார்கள் என்றது ஒரு கட்சி. துறைமுகம் என்றது இன்னொரு கட்சி. மொத்தத்தில் நம்மைக் கிளப்பப்போகிறார்கள் என்பதில் இரண்டு கட்சிக்கும் ஒரே பேச்சு.

பருவத் தொடக்கத்தில் அவள்தான் வீட்டுக்கு ஒரு கட்டு பாட்டில் கொடுத்தாள். "பாசி எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். வாரா வாரம் உங்க இடத்துல ஒரு பாட்டில் தண்ணி எடுத்து வைங்க. எங்க படகு ரிப்பேர்ல கெடக்கு" என்றாள். அதை வைத்துத்தான் அடுத்த பருவத்துக்கு யாருக்கு எத்தனை கயிறு என்று அலுவலகம் முடிவு செய்யும் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

பாசி. அந்தப் பெண்ணுக்கு அது பாடப்புத்தகத்துச் சொல். மூத்தவளுக்கு அது தொட்டியின் உட்சுவரில் வழுவழுவென்று பிடிப்பது. குளிக்கிற இடத்தில் காலை வாரிவிடுவது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே மாமியார் தண்ணீர்த் தொட்டிக்குள் விரலை விட்டுத் தேய்த்து, அந்த விரலை வந்தவர்கள் எல்லோருக்கும் காட்டினாள். "பாசி" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் பாசி பிடித்தால் அந்த வீட்டு ஆம்பளையை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அன்றைக்குத் தேங்காய் நாரைக் கையில் எடுத்தவள்தான். இப்போது அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பாசி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப்போகிறார்கள் என்றால் அவள் என்ன செய்வாள்?

குடிக்கிற தண்ணீருக்கு என்ன செய்வாளோ அதைத்தான் செய்தாள். தெப்பத்திலிருந்து மொண்டுவந்த தண்ணீரை வாளியில் ஊற்றி, படிகாரக் கட்டியை உள்ளே விட்டு நாலு சுற்றுச் சுற்றினாள். ஆடாமல் அசையாமல் மூடி வைத்தாள். அடியில் பச்சையாக வண்டல் இறங்கியதும் மேல் தண்ணீரை இரட்டை மடிப்புத் துணியில் வடித்துப் பாட்டிலில் பிடித்தாள். வண்டலைச் சாக்கடையில் கொட்டினாள். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே தண்ணீர் இருப்பதே தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளைக்குத் தலை வாரிவிட்ட மாதிரி திருப்தி.

இளையவள் பாட்டிலை இடது கையால் தண்ணீரில் அமுக்கி எடுத்து, மூடியைத் திருகி, தெப்பத்தின் மேலேயே போட்டுவிட்டு வந்தாள். தவளை குடித்தனம் பண்ணலாம் போல இருந்தது அந்தத் தண்ணீர்.

அதற்குத்தான் "ரொம்ப நல்ல தண்ணி" என்று பெயர் கிடைத்தது. மூத்தவளிடம், "உங்க தண்ணியில ஒண்ணுமே இல்லம்மா, சரியில்ல" என்று தலையை ஆட்டினாள் தட்டுக்காரி. ஒன்றுமே இல்லையென்றால் நல்லதுதானே என்று கேட்க வந்ததை மூத்தவள் விழுங்கிக்கொண்டாள். கேட்டு என்ன ஆகப்போகிறது? இளையவள் வீட்டு வாசலில் தட்டுக்காரி டீ குடித்துக்கொண்டிருந்ததை அவள் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

இப்போது அலுமினியம்.

மறுநாள் காலையில் மூத்தவளும் புருஷனும் கயிறு தூக்கினார்கள். ஒரு கயிற்றை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால்தான் மேலே வரும். தண்ணீருக்குள் லேசாக இருப்பது வெளியே தலையை நீட்டியதும் பிணமாகக் கனக்கும். கை முழுக்க ஓட்டு விளிம்பின் கீறல். டிரம்முக்கு அந்தப் பக்கம் இளையவளும் அவள் புருஷனும் அவர்கள் தெப்பத்துக்குக் கழன்ற மூங்கிலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பானையெல்லாம் கழுவியாச்சா?" என்றாள் மூத்தவள், தன் கயிற்றைப் பார்த்துக்கொண்டே.

"என்னக்கா?"

"பானை. அலுமினியப் பானை. கழுவியாச்சான்னு கேட்டேன்."

இளையவள் கையிலிருந்த கட்டுக்கயிற்றைப் புருஷனிடம் கொடுத்தாள். "சுத்தி வளைக்காத. நேரா கேளு."

"நேராத்தான் கேக்குறேன். எங்க இடத்துல மருந்து கொட்டினது யாரு?"

"கொட்டினவங்க வீட்டு வாசல்ல போய்க் கேளு."

"அங்கதான் நிக்கிறேன்."

இளையவள் சிரித்தாள். "ஏன், நாலு பானை கழுவினா கடல் கெட்டுப் போயிருமா? அப்ப உலகத்துல மீனே இருக்கக் கூடாது."

"பானையோ மருந்தோ, எங்களுக்கு என்ன தெரியும். உங்க பக்கம் நல்ல தண்ணி, எங்க பக்கம் விஷத் தண்ணி. நடுவுல இருக்கிறது ஒரு டிரம்மு. தண்ணி என்ன டிரம்மப் பாத்துத் திரும்பிப் போயிருமா?"

"அதத்தான் நானும் கேக்குறேன். உங்க தண்ணியில ஒண்ணுமே இல்லேன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. ஒண்ணுமே இல்லாத தண்ணியில உன் சிப்பி மட்டும் எப்படி இந்த உப்பு உப்பியிருக்கு? காத்தக் குடிச்சா? எங்க கயித்துல இருந்து யார் வழிச்சிட்டுப் போறாங்கன்னு நாங்க வாய விட்டுக் கேக்கல. மானத்துக்குப் பயந்து இருக்கோம்."

"திருடினோம்னு சொல்றியா?"

"நான் சொல்லல. சிப்பி சொல்லுது."

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணே, நீயாவது சொல்லேன்" என்றான் தம்பி. "நான் என்னத்த சொல்ல" என்று அண்ணன் குனிந்து படகில் தேங்கிய தண்ணீரை இறைக்க ஆரம்பித்தான். இறைக்கிற அளவுக்கு அதில் தண்ணீர் இல்லை.

வீட்டில் மகள் இருந்தாள். அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். படித்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தன் இங்கிலீஷைக் கேட்டு உதட்டுக்குள் சிரித்ததை மூன்று வருஷம் கண்டவள். அதனால் யார் தன் வீட்டை ஏய்க்க வந்தாலும் விடுவதில்லை என்று இருப்பவள். அம்மா சொன்னதைக் கேட்டதும் அலுவலகத்துக்கு மனு எழுதப் பேனாவை எடுத்தாள். அவள் எழுதியதில் சித்தப்பா 'மேற்படி நபர்' ஆனார். சித்தி 'மேற்படி நபரின் மனைவி' ஆனாள். 'திட்டமிட்டு', 'முன்விரோதம் காரணமாக', 'உரிய நடவடிக்கை' எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது அது வேறு யாரோ பெரிய மனிதர்களின் சண்டை மாதிரி இருந்தது.

"சித்தப்பாவ இப்படிப் போடணுமா?" என்றான் அப்பா.

"பேர் போட்டா சொந்தக்காரங்க சண்டைன்னு தூக்கி ஓரமா வச்சிருவாங்கப்பா. இப்படிப் போட்டாத்தான் பயப்படுவாங்க."

பயந்தார்கள். அலுவலகத்திலிருந்து இரண்டே நாளில் ஆள் வந்தான். விசாரணை முடிகிற வரை தம்பி தன் கயிறு எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான். தப்பு நிரூபணமானால் அவன் இடமே ரத்தாகும்.

இந்த வெயிலில் அது என்ன தண்டனை என்று சிப்பிக்காரர்களுக்குத் தெரியும். முற்றிய சிப்பி கயிற்றில் நிற்காது. கனம் தாங்காமல் கொத்துக் கொத்தாக நழுவிச் சேற்றுக்குள் போய்விடும். தம்பி தினமும் தெப்பத்தில் போய் உட்கார்ந்து, கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். தூக்கக் கூடாது என்றுதான் சொன்னார்கள், தொடக் கூடாது என்று சொல்லவில்லை. இளையவளின் பிள்ளைகளைத் தெருவில் மற்ற பிள்ளைகள் 'விஷம்' என்று கூப்பிட்டார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் தட்டுக்காரி மறுபடி வந்தாள். இந்தத் தடவை தானே இடத்தைப் பார்க்கவேண்டும் என்றாள். இவள் எதையாவது மாற்றி எழுதிவிடக் கூடாதே என்று மகளும் படகில் ஏறிக்கொண்டாள். துடுப்பை அவளே போட்டாள். டிரம்மைத் தாண்டி மூத்தவளின் இடத்துக்கு வந்ததும் தட்டுக்காரி வெள்ளைத் தட்டைத் தண்ணீரில் இறக்கினாள். அது ஒரு ஆள் ஆழம்கூடப் போகவில்லை. பச்சைக்குள் மங்கி, மறைந்தது.

"பாத்தீங்களா" என்றாள் தட்டுக்காரி. "இங்க தட்டு சட்டுனு மறையுது. நல்லா இருக்கு. ஆனா இதே இடத்துப் பாட்டில்ல ஒண்ணுமே இல்ல. அங்கதான் எனக்கு இடிக்குது."

"மறைஞ்சா நல்லதா?"

"பின்ன?"

"தெளிவா இருந்தாத்தானே நல்ல தண்ணி?"

"குடிக்கத்தான் தெளிவா இருக்கணும். கடலுக்கு இல்ல." தட்டுக்காரி உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் அள்ளிக் காட்டினாள். "இந்தப் பச்சை இருக்கே, அழுக்கு இல்ல. எல்லாம் செடி. ஒண்ணொண்ணும் கண்ணுக்குத் தெரியாத செடி. வேர் கிடையாது, இலை கிடையாது, சும்மா மிதக்கும். வெயிலக் குடிச்சு வளரும். உங்க சிப்பி தண்ணிய உறிஞ்சி இதத்தான் வடிச்சுத் திங்குது. இத ஒரு சின்னப் பூச்சி திங்கும், பூச்சிய மீன் குஞ்சு திங்கும், குஞ்ச மீன் திங்கும், மீன நாம திங்கறோம். இது இல்லேன்னா மேல இருக்கிற ஒண்ணும் இல்ல."

"பாசிதானே இது?"

"பாசிதான். பாசின்னா சாதாரணமா நினைக்காதீங்க. உலகத்துல இருக்கிற மரம், செடி, புல்லு எல்லாம் சேர்ந்து எவ்வளவு மூச்சுக் காத்து விடுதோ, கிட்டத்தட்ட அந்த அளவு இது மட்டும் விடுது. நீங்களும் நானும் இப்ப இழுக்கிற மூச்சுல பாதி இது போட்ட பிச்சை."

மகள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள். படகு தானாகச் சுழன்றது. வீட்டு வாசலில் மூடி வைத்த வாளி கண் முன்னால் வந்தது. வடிகட்டிய துணியைக் கொடியில் காயப்போடுகிறவள் அவள்தான். அதில் பச்சைத் திட்டு போகவே மாட்டேன் என்கிறது என்று அம்மாவோடு சண்டை போட்டிருக்கிறாள்.

"அந்த அலுமினியம்..." என்றாள் மெதுவாக. "அது எதுலல்லாம் இருக்கும்?"

"காகித ஆலை, சாயப்பட்டறை. பெரிய தொட்டி வச்சுத் தண்ணி சுத்தம் பண்ற இடத்துல படிகாரம்னு ஒண்ணு போடுவாங்க, அதுல இருக்கும். ஆனா இந்தப் பக்கம் அந்த மாதிரி எதுவும் கிடையாதே."

மிஷினில் சுத்தமான தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் தட்டுக்காரி. படிகாரம் அடுப்படி அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? மகளும் சொல்லவில்லை. கரைக்குத் துடுப்புப் போட்டாள். "உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று தட்டுக்காரி கேட்டதற்கு, "வெயில்" என்றாள்.

சாயங்காலம் அடுப்படியில் அம்மா சிப்பிச் சதையை வெங்காயத்தோடு வதக்கிக்கொண்டிருந்தாள். அப்பா சுவரில் சாய்ந்து கையில் குத்திய ஓட்டுச் சில்லை ஊசியால் நோண்டிக்கொண்டிருந்தான். மகள் கதவைச் சாத்தினாள்.

"அம்மா, பாட்டிலுக்குத் தண்ணி எப்படிப் புடிப்ப?"

"ஏன், உனக்குத் தெரியாதா? படிகாரம் போட்டு, தெளிஞ்சதும் வடிச்சு. சாக்கடையாவா குடுப்பேன்? உன் சித்தி மாதிரி."

"படிகாரத்துலதான் அந்த அலுமினியம் இருக்கு."

மூத்தவள் கரண்டியை நிறுத்தவில்லை. "எவ சொன்னா? அந்தத் தட்டுக்காரியா? நேத்து மருந்துன்னா, இன்னைக்குப் படிகாரம்கிறா. நாளைக்கு உப்புன்னு சொல்லுவா. உங்க அப்பா செரைச்சிட்டுக் கன்னத்துல தடவுறதும் அதே கட்டியத்தான். விஷம்னா இன்னேரம் செத்துல்ல போயிருக்கணும்."

"விஷம் இல்லம்மா. சுத்தம் பண்ணிருச்சு. அதுதான் பிரச்சனை. அவங்க பாக்க வந்ததே அந்தப் பாசியத்தான். அதத்தான் சிப்பி திங்குதாம். அது இருந்தா நல்ல தண்ணி, இல்லேன்னா ஒண்ணுக்கும் ஆகாத தண்ணி. சித்தி முக்கிக் குடுத்தாங்க, அதுல இருந்துச்சு. நீ எல்லாத்தையும் எடுத்துட்டுக் குடுத்த."

அப்பா ஊசியைக் கீழே வைத்தான். முதல் கேள்வி அவனிடமிருந்துதான் வந்தது.

"இது அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லல."

"சொல்லாத."

"அப்பா."

"யாரும் கேக்கல. கேக்காதத நாமளா போய்ச் சொல்ல வேண்டாம். சொன்னா, பாட்டில்ல ஏமாத்தினோம்னு நம்ம இடம் போகும். சொல்லலேன்னா அவன் இடம் போகும். எது போனாப் பரவாயில்லன்னு நீயே சொல்லு."

"அவர் உங்க தம்பி."

"அதனாலதான் யோசிக்கிறேன். வேறவனா இருந்தா யோசிச்சிருக்கவே மாட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மனு எழுதினது யாரு? மேற்படி நபருன்னு. அந்தக் கையெழுத்து நாளைக்கு எங்க போய் ஒளியும்?"

மகளுக்கு அம்மா மேல் கோபம், அப்பா மேல் கோபம், பாட்டிலைக் கொடுத்தவர்கள் மேல் கோபம். எல்லாவற்றையும்விட 'முன்விரோதம் காரணமாக' என்று எழுதிவிட்டு அழகாக வந்திருக்கிறது என்று இரண்டு தடவை படித்துப் பார்த்த தன் மேல் கோபம்.

வதங்கியது அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. மூத்தவள் சட்டியை இறக்கி வைத்தாள்.

"அதுவா திங்குது?" என்றாள். "நம்ம சிப்பி?"

"ஆமா."

"நான் சாக்கடையில ஊத்தினதையா?"

"ஆமாம்மா."

மூத்தவள் இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தேய்த்ததும் கழுவியதும்தான் அவளுடைய பேர். சுத்தக்காரி என்று தெருவே சொல்லும். ஓரகத்தியை எதில் ஜெயித்தாலும் ஜெயிக்காவிட்டாலும் அதில் ஜெயித்திருந்தாள். இப்போது அதிலேயே அந்த அழுக்குப் பானைக்காரி ஜெயித்துவிட்டாள். அதுவும் ஒரு கையை முக்கி.

"நீங்க சொல்றதும் சரிதான்" என்றாள் கடைசியில், புருஷனிடம். அவன் நிம்மதியாக ஒரு கவளம் எடுத்தான்.

விசாரணை மறுநாள் சிப்பிக் கொட்டகையில் நடந்தது. அங்கே இருந்த ஒரே நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்தார். தட்டுக்காரி அவருக்குப் பின்னால் நின்றாள். தம்பியும் இளையவளும் அண்டாப் பக்கம், அண்ணனும் மூத்தவளும் மகளும் கூடைப் பக்கம். நடுவில் ஓட்டுக் குவியல். அக்கம்பக்கத்துச் சிப்பிக்காரர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். வேலை கெட்டாலும் பரவாயில்லை என்கிற முகம் எல்லோருக்கும்.

"மருந்து கொட்டினது நீதானா?" என்று தம்பியிடம் கேட்டார் அதிகாரி.

"சார், என் கயிறு பாதி உதிர்ந்து போச்சு" என்றான் தம்பி.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அதுக்கு என்ன பதில் சார் சொல்றது. கொட்டல. கொட்டலேன்னா நம்பவா போறீங்க."

"அலுமினியப் பாத்திரத்தைக் கழியில் கழுவுறதா மனுவுல இருக்கு."

வாசலில் யாரோ சிரித்தார்கள். இளையவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஓட்டுக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் வீங்கியிருந்தது. மூத்தவள் அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்கத்தான் காலையிலிருந்து பாடுபட்டிருந்தாள்.

"ஏம்மா, ஒரு சந்தேகம்" என்றாள் மூத்தவள், தட்டுக்காரியிடம். அண்ணன் அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா."

"பாட்டில்ல பாசி இருந்தா நல்லதா, கெட்டதா?"

"நல்லதும்மா."

"இத அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னேனே. பாசி எவ்வளவு இருக்குன்னு பாக்கணும்னு..."

"எவ்வளவு இருக்குன்னு பாக்கணும்னா என்ன அர்த்தம்? பிள்ளை தலையில பேன் எவ்வளவு இருக்குன்னு பாப்பாங்க. அரிசியில புழு எவ்வளவு இருக்குன்னு பாப்பாங்க. எதுக்குப் பாப்பாங்க? நிறைய இருக்கட்டும்னா?"

தட்டுக்காரி அதிகாரியைப் பார்த்தாள்.

"நான் எடுத்துட்டேன்" என்றாள் மூத்தவள். "படிகாரம் போட்டுத் தெளிய வச்சு, துணியில வடிச்சுக் குடுத்தேன். எல்லாப் பாட்டிலும் அப்படித்தான். அந்த அலுமினியம் எங்க வீட்டுப் படிகாரத்துல இருந்து வந்தது. இவங்க யாரும் எதையும் கொட்டல. பானையும் கொட்டல, மருந்தும் கொட்டல."

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இது எப்ப தெரியும் உங்களுக்கு?" என்றார் அதிகாரி.

மகள் வாயைத் திறப்பதற்குள் மூத்தவளே சொன்னாள். "நேத்தே தெரியும். சொல்ல வேண்டாம்னுதான் இருந்தோம்."

அதிகாரிக்குக் கோபம் வந்தது. அலுவலகம் கேட்ட தண்ணீர் மாதிரியைக் கலப்படம் செய்தது, பொய்ப் புகார் கொடுத்தது என்று விரலை மடக்கினார். தம்பிக்குப் போட்ட தடையை அங்கேயே நீக்கினார். மூத்தவள் வீட்டுக்கு வருகிற பருவத்தில் புதுக் கயிறு கிடையாது, இருக்கிற கயிறு மட்டும்தான், அதற்கடுத்த பருவம் தண்ணீரைப் பார்த்துத்தான் என்றார்.

"எழுதினது நான் சார், தண்டனைய எனக்குக் குடுங்க" என்றாள் மகள். "ஆனா ஒண்ணு கேக்குறேன். பாட்டில் குடுக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, எதுக்குன்னு நின்னு நாலு வார்த்தை சொல்லத் தெரியலையா? எங்க அம்மாவுக்குப் புரியாதுன்னு யார் உங்களுக்குச் சொன்னது? நேத்துப் படகுல எனக்குச் சொன்னீங்களே, அத இந்தக் கொட்டகையில அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன? நான் படிச்சவள்னு தெரிஞ்சதாலதானே எனக்குச் சொன்னீங்க?"

அதிகாரி எழுந்து குடையைத் தேடினார். தட்டுக்காரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, "தப்புதான்" என்றாள். எதைச் சொன்னாள், யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

வாசலில் நின்றவர்கள் கலைந்தார்கள். அதில் ஒருவர் போகிற போக்கில், "ஆக, ஹோட்டல் கட்டப்போறது உறுதி" என்றார்.

புதிதாகத் தண்ணீர் எடுக்கவேண்டும், என் முன்னாலேயே எடுக்கவேண்டும் என்றாள் தட்டுக்காரி. மூத்தவள் படகில் ஏறினாள். தட்டுக்காரியும் ஏறினாள். யாரும் கூப்பிடாமலே இளையவளும் வந்து ஏறி, துடுப்பை எடுத்துக்கொண்டாள். கயிறு தூக்கப் புருஷன் போய்விட்டான், அவளுக்கும் அங்கேதான் வேலை. ஆனால் அவள் துடுப்புப் போட்டது மூத்தவளின் இடத்துக்கு.

டிரம்மைக் கடந்ததும்தான் இளையவள் ஆரம்பித்தாள்.

"என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே."

"நீ எங்க கேட்ட? யாருன்னு முடிவு பண்ணிட்டு வந்து கேட்ட."

மூத்தவள் டிரம்மைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் பிள்ளைங்கள விஷம்னு கூப்பிடுறாங்க தெரியுமா? பெரியவன் நேத்து ஒருத்தன் மூக்க ஒடைச்சிட்டு வந்திருக்கான். அத யாரு வடிகட்டுவா?"

"நான் வந்து சொல்றேன். அந்தத் தெருவுல எல்லா வீட்லயும்."

"வந்து என்னன்னு சொல்லுவ? படிகாரம் போட்டேன்னா? போடி அந்தப் பக்கம்." இளையவள் துடுப்பை ஓங்கித் தண்ணீரில் போட்டாள். கொஞ்ச தூரம் போனதும், "என் சிப்பிய நீ திருடலேன்னு நான் இன்னும் நம்பல" என்றாள்.

"தண்ணியில பாசி இருந்துச்சு. அதத் தின்னு கொழுத்துது."

"அப்படின்னு நீ சொல்ற."

தெப்பத்தை ஒட்டிப் படகு நின்றது. மூத்தவள் பாட்டிலை வாங்கி, கையை முழங்கை வரை விட்டுத் தண்ணீரை மொண்டாள். மேலே தூக்கியபோது லேசான பச்சை. வெயில் பட்டதும் உள்ளே எதெதுவோ தூசி தூசியாக மினுங்கி இறங்கியது. பாட்டில் வாயின் விளிம்பில் நூல் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கட்டைவிரல் அதைத் துடைக்கத் தானாகப் போனது.

இளையவள் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பலமாகத்தான் பிடித்தாள். கயிறு இழுக்கிற பிடி.

"துடைக்கலடி" என்றாள் மூத்தவள். "பழக்கதோஷம். என்னை நம்பவே மாட்டியா?"

"மாட்டேன்."

பிடியை விடாமலே மற்றக் கையால் மூடியை எடுத்து, அந்த நூலோடு சேர்த்து இறுகத் திருகி, பாட்டிலைத் தட்டுக்காரி பக்கம் நீட்டினாள். பிறகுதான் கையை விட்டாள்.

"இனிமே வாரா வாரம் உன் பாட்டிலுக்கு நான் வருவேன்" என்றாள். "நீ மொண்டுக்க. மூடி நான் போடுறேன். இப்ப வா, அங்க அவர் ஒத்தையாளா கெடந்து இழுக்குறார். ஒரு கயிறு ரெண்டு பேர் இல்லாம மேல வராது. பாதி உதிர்ந்தது போக மீதியாவது கரையேறட்டும்."

மூத்தவள் ஈரக் கையை உதறிவிட்டு அடுத்த துடுப்பை எடுத்தாள்.